கப்பல் நிற்கும் எட்டு மணி நேரம்

பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்தால் பெற்றோரை அழைத்துப்போய் நயாகரா காட்டுவது ஒரு காலம். இப்போது கப்பலில் ஏற்றி கரீபியன் தீவுகளைச் சுற்றிக் காட்டுகிறார்கள். மொரப்பூர், கடத்தூர், அரூர் பக்கத்திலேயே இப்படிப் போய்வந்த குடும்பங்கள் நாலைந்து எனக்குத் தெரியும். வந்தவர்களைக் கேட்டால் கப்பலில் சாப்பாடு எப்படி, லிஃப்ட் எத்தனை, நீச்சல் குளம் எத்தனை என்று ஒரு மணி நேரம் சொல்வார்கள். தீவில் இறங்கி என்ன பார்த்தீர்கள் என்றால் பேச்சு சுருங்கிவிடும். கடற்கரை, காந்தம் வைத்த பொம்மைகள் விற்கும் கடை, வெயில். அவ்வளவுதான்.

அடுத்துப் போகப்போகிறவர்கள் என்னிடம் கேட்பது, "இறங்கி என்னதான் செய்யறது?" என்பதே. ஒருமுறை போய்வந்தவன், சரித்திரப் புத்தகம் படிக்கிறவன் என்பதால் கேட்கிறார்கள். பதில் கொஞ்சம் நீளம், அதனால் எழுதிவிடுகிறேன்.

நம் வயதுக்காரர்களுக்கு அந்தத் தீவுகளின் பெயர்கள் புதிதல்ல. 1971-ல் கவாஸ்கர் என்ற பையன் தன் முதல் தொடரிலேயே 774 ரன் அடித்தபோது போர்ட் ஆஃப் ஸ்பெயின், பிரிட்ஜ்டவுன், கிங்ஸ்டன் எல்லாம் நம் டீக்கடைப் பெயர்களாகிவிட்டன. 1975 பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் விஸ்வநாத் 97 ரன்னோடு அவுட் ஆகாமல் நின்றதை டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக் கேட்டவர்கள் இன்னும் நம் ஊரில் இருக்கிறார்கள். எதிரணியில் காளிச்சரண் என்று ஒருவர் ஆடினார். "நம்ம ஊர்ப் பேர் மாதிரி இருக்கே, இவர் எப்படி அங்கே?" என்ற கேள்வி அன்றே எல்லோருக்கும் வந்தது. அந்தக் கேள்விக்கான பதில் கப்பல் நிற்கும் துறைகளிலேயே இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

கரும்புதான் மூலகாரணம். ஆங்கிலேயர் தங்கள் தீவுகளில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833-ல் வந்தது. முழு விடுதலை 1838-ல். பிரெஞ்சுக்காரர்களின் தீவுகளில் 1848. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க மக்கள் பழைய முதலாளியின் தோட்டத்தில் பழைய கூலிக்கு நிற்க விரும்பவில்லை, யார்தான் நிற்பார்கள்? சர்க்கரை ஆலைக்காரர்கள் இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். ஆங்கிலேயத் தீவுகளுக்கு முக்கியமாகக் கல்கத்தாவிலிருந்தும், ஓரளவு மதராஸிலிருந்தும் ஆள் போனது. பிரெஞ்சுத் தீவுகளான மார்த்தினிக், குவாதலூப் இரண்டுக்கும் பெரும்பாலும் புதுச்சேரி, காரைக்கால் வழியாக, அதாவது பெரும்பாலும் தமிழர்கள். ஆள் பிடிக்கிறவனுக்கு மேஸ்திரி என்றே பெயர். பிரெஞ்சுக்காரர்களின் பழைய தாள்களில்கூட அந்தச் சொல் அப்படியே இருக்கிறது. ஐந்து வருட ஒப்பந்தம். ஆண் ஆளுக்கு மாதம் பன்னிரண்டரை பிராங்க், அன்றைய கணக்கில் சுமார் ஐந்து ரூபாய். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு பாய்மரக் கப்பலில் மூன்று மாதம்.

ஏன் போனார்கள் என்று நம் ஜில்லாக்காரருக்கு அதிகம் விளக்க வேண்டாம். அப்போது நாம் சேலம் ஜில்லா. 1876 முதல் 1878 வரை நீண்ட தாது வருஷப் பஞ்சத்தில் அதிகம் அடிபட்ட ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் இருந்த ஜனத்தொகை 1881 கணக்கெடுப்பில் லட்சக்கணக்கில் குறைந்து நின்றது. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-ல் ஒரு சின்ன ரயில் பாதை போட்டார்களே, பிற்பாடு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிடுங்கிக்கொண்டு போனார்களே, அதுகூடப் பஞ்சம் வந்தால் தானியம் கொண்டு சேர்க்கத்தான் என்று போட்டது. பெரிய பாதை அதற்கு முன்பே, 1860களின் தொடக்கத்திலேயே சென்னையிலிருந்து சேலம் வழியாகப் போய்விட்டது. பஞ்சத்தில் ஊரைவிட்டுக் கிளம்பியவனைத் துறைமுகம் வரை கொண்டு சேர்க்க ரயில் தயாராக இருந்தது. அவனுக்குச் சாப்பாடு கொண்டுவர வேண்டிய ரயில் தாமதமாக வந்தது. இது என் அபிப்பிராயம்.

இனி கப்பல். மியாமியிலிருந்து கிளம்பும் பல கப்பல்கள் நாசாவ், கோசுமேல், கப்பல் கம்பெனியின் சொந்தத் தீவு என்று மேற்கே சுற்றிவிட்டு வந்துவிடும். அங்கெல்லாம் இந்தக் கதை கிடையாது. கடலில் கால் நனைத்துவிட்டு வாருங்கள், தப்பில்லை. பிள்ளைகளிடம் தெற்குச் சுற்று கேளுங்கள். போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் துறைமுகத்திலிருந்து கிளம்பும் கப்பல்களில் மார்த்தினிக், குவாதலூப், செயின்ட் லூசியா, கிரெனடா எல்லாம் வர வாய்ப்புண்டு. காலை ஏழு எட்டு மணிக்குக் கரை சேர்ந்தால் மாலை ஐந்து மணி வாக்கில் கிளம்பிவிடும். நடுவில் கிடைப்பது எட்டு மணி நேரம்.

அந்த எட்டு மணி நேரத்தை வைத்து முதலில் மார்த்தினிக்.

கப்பல் நிற்பது ஃபோர்-தெ-பிரான்ஸ் நகரில். அங்கிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் சேன்-பியேர். ஒரு காலத்தில் தீவின் பெரிய நகரம் அதுதான். 1853 மே 6-ம் தேதி 'ஒரேலி' என்ற கப்பல் முந்நூறு பேருக்கு மேற்பட்ட நம் ஆட்களோடு வந்து நின்றது அந்தத் துறையில்தான். அதற்கு 49 வருடம் கழித்து, 1902 மே 8-ம் தேதி காலை, ஊருக்கு மேலே இருக்கும் பெலே எரிமலை வெடித்தது. சில நிமிடங்களில் சுமார் 28,000 பேர் மாண்டார்கள். சிறையில் தடித்த கல் அறைக்குள் பூட்டப்பட்டிருந்த ஒரு கைதி பிழைத்தான். அந்த அறையை இன்றும் காட்டுகிறார்கள், பக்கத்திலேயே இடிந்த நாடகக் கொட்டகையின் படிகள். சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் அதைப் பார்க்கத்தான் போகிறார்கள். நீங்களும் பாருங்கள். பிறகு கடற்கரையில் நின்று, அந்த முதல் கப்பல் எந்தப் பக்கமாக வந்திருக்கும் என்றும் ஒரு நிமிடம் பாருங்கள். வழிகாட்டி அதைச் சொல்லாமல் விட்டாலும் விடுவார்.

இன்னும் வடக்கே, தீவின் மறுபக்கம், பாஸ்-புவாந்த் என்ற ஊர். கவிஞர் எமே செசேர் பிறந்த ஊர் என்று பிரெஞ்சுக்காரர்களுக்குத் தெரியும். அந்தப் பகுதித் தோட்டங்களில் நம் ஆட்கள் நிறையப் பேர் வேலை செய்தார்கள். கிராதி என்ற பழைய தோட்டத்தில் அவர்கள் கோவில் இருக்கிறது. மலைப்பாதை என்பதால் போக வர நேரம் பிடிக்கும். சேன்-பியேர், பாஸ்-புவாந்த் இரண்டையும் ஒரே நாளில் என்றால் காலையிலேயே கிளம்ப வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே யார் சாமி என்று கேட்பீர்கள். மாலியேமேன் என்பார்கள், அது மாரியம்மன். மால்தேவிலேன் என்பார்கள், மதுரை வீரன். நாகூமிலா என்று ஒருவர், அவர் நாகூர் மீரான்! நாகூர் ஆண்டவர் கடலில் தவிக்கும் கப்பலைக் காப்பார் என்ற நம்பிக்கை நம் கடற்கரை முழுக்க உண்டு. மூன்று மாதம் கடலில் கிடந்தவர்கள் அவரை எப்படி மறப்பார்கள்? மாரியம்மனுக்குப் பக்கத்திலேயே அவருக்கும் கொடி ஏற்றிக் கும்பிட்டார்கள். மதச் சண்டை பேசுகிறவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

பூஜை நடத்துகிறவருக்குக் குவாதலூப்பில் பூசாலி என்று பெயர், பூசாரிதான். மார்த்தினிக்கில் மந்திரமும் பாட்டும் சொல்கிறவர் வத்தியாலு, நம் வாத்தியார். மேளம் தப்பு, அவர்கள் தப்பூ என்பார்கள். மத்தளம் மதலோன். மார்த்தினிக்கில் சாமி வந்தவர் இரண்டு பேர் பிடித்திருக்கும் கூர்மையான வெட்டரிவாளின் மேல் ஏறி நிற்பார். கிடாய் வெட்டுவார்கள். பாட்டில் வரும் தமிழ் காதால் கேட்டு மனப்பாடம் செய்தது. பாடுகிற பலருக்கும் பொருள் தெரியாது.

இங்கே நம்மவர்கள் செய்யும் காரியம் ஒன்று எனக்குப் பிடிப்பதில்லை. அமெரிக்காவில் பளிங்குத் தரைக் கோவிலைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே வந்து, "இதென்ன, கிடாய் எல்லாம் வெட்டறாங்களாமே, இதெல்லாம் சரியான முறையா?" என்று முகம் சுளிக்கிறார்கள். "தமிழ் தெரியாதா?" என்று அந்த ஊர்ப் பெரியவர்களிடமே கேட்கிறார்கள். ஐயா, முனியப்பனுக்குக் கிடாய் வெட்டாமல் நம் பக்கத்தில் எந்தக் குடும்பம் இருந்தது? கப்பல் ஏறியவர்கள் பெரிய கோபுரத்துக்குள் விடப்பட்டவர்கள் அல்ல. ஏரிக்கரைச் சாமியை, எல்லைச் சாமியைக் கும்பிட்டவர்கள். அந்தச் சாமியைத்தான் அவர்களால் கொண்டுபோக முடிந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஜனம், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, ஞானஸ்நானத்துக்குப் பாதிரியார், சம்பளப் பட்டியலிலும் பிரெஞ்சு. இத்தனைக்கும் நடுவில் 170 வருடமாகத் தப்பு அடிபடுகிறது என்றால் மொழி போனதைப் பற்றி நாம் கேள்வி கேட்கக் கூடாது. செருப்பைக் கழற்றுங்கள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள், முடிந்தால் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி வையுங்கள்.

குவாதலூப் இன்னும் சுலபம். வண்ணத்துப்பூச்சியின் இரண்டு இறக்கை போல இரண்டு தீவு ஒட்டியது அது. இறக்கைகள் சேரும் இடத்தில் புவாந்த்-ஆ-பீத்ர் துறைமுகம். இதே 'ஒரேலி' கப்பல் 1854 டிசம்பர் 24-ம் தேதி, கிறிஸ்துமஸுக்கு முதல்நாள், இந்தத் தீவுக்கு முதல் கூட்டத்தைக் கொண்டுவந்தது. 1889 வரை சுமார் 42,000 பேர் வந்தார்கள். மார்த்தினிக்குக்கு வந்தவர்கள் சுமார் 25,000. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவர்கள் சிறு பங்குதான். நோயிலும் வேலையிலும் செத்தவர்கள் கணக்கில்லாமல். இங்கே நடத்தும் விதம் சரியில்லை என்று 1888-ல் ஆங்கில அரசாங்கமே ஆள் அனுப்புவதை நிறுத்தியது என்றால் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். அவர்கள் தீவுகளிலும் ஒன்றும் பாலும் தேனும் ஓடவில்லை.

துறைமுகத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் வாக்கில், காப்ஸ்தேர்-பெல்-ஓ என்ற ஊர். பெரிய சாலையை ஒட்டியே ஷாஞ்சி கோவில். வர்ணம் தீட்டிய சிலைகளோடு, நம் அரூர் சாலையில் நிற்க வேண்டியது வழி தவறி வாழைத்தோட்டத்துக்கு நடுவில் போய் நிற்பது போல இருக்கும். சில நாள் கதவு சாத்தியிருக்கும், சாலையிலிருந்தே பார்க்கலாம். அதே பக்கத்தில் மலையேறினால் கார்பே அருவி. ஒகேனக்கல் பார்த்தவர்களுக்கு அருவி பெரிய விஷயம் இல்லை. நேரம் இருந்தால் போங்கள்.

அந்த ஊரில் 1863-ல் பிறந்தவர் ஆன்றி சிதம்பரம். இந்தப் பெயரை நம் பள்ளிப் புத்தகம் எதிலும் நான் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒப்பந்தக் கூலிகளின் பிள்ளைகள் தீவிலேயே பிறந்தவர்கள். பிரெஞ்சு பேசினார்கள், வரி கட்டினார்கள். ஆனால் ஓட்டு இல்லை. நீங்கள் பிரிட்டிஷ் இந்தியாவின் பிரஜை, இங்கே அந்நியன் என்றது அரசாங்கம். அந்தப் பக்கம் ஊரும் இல்லை, இந்தப் பக்கம் உரிமையும் இல்லை. 1904-ல் சிதம்பரம், தீவில் பிறந்த இந்தியர் பிள்ளைகளை வாக்காளர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று வழக்குக்கு நின்றார். தள்ளுபடி, மேல்முறையீடு, மனு, மறுபடி மனு. இடையில் ஒரு உலகப் போரே வந்து போனது. 1923-ல்தான் பாரிஸ் அரசாங்கம் இறங்கிவந்து, இவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களே, ஓட்டு உண்டு என்று ஒப்புக்கொண்டது. பத்தொன்பது வருடம். நம் ஊரில் பட்டா மாற்றத்துக்கு அலைகிறவர்களுக்கு அந்த அலைச்சல் புரியும். அவர் 1952 வரை இருந்தார். பிற்பாடு அதே தீவிலிருந்து எர்னெஸ்ட் முத்துசாமி என்பவர் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கே உறுப்பினராகப் போனார். சிதம்பரம் இல்லாவிட்டால் முத்துசாமி இல்லை.

பெயரைக் கவனித்தீர்களா? சிதம்பரம், முத்துசாமி, ராமசாமி, கோவிந்தன் எல்லாம் அங்கே குடும்பப் பெயர். நமக்கு இனிஷியல்தான், அப்பா பெயர் ஒரு தலைமுறையோடு சரி. அங்கே எழுதுகிற குமாஸ்தா இறங்கியவனின் ஒற்றைப் பெயரைக் காதில் விழுந்தபடி பிரெஞ்சு எழுத்தில் எழுதினான், அதுவே பிள்ளைக்கும் பேரனுக்கும் பின்னால் ஒட்டிக்கொண்டது. முன்னால் ஆன்றி, எர்னெஸ்ட், ஜோசப். எனக்கு என் பாட்டனாருக்குப் பாட்டனார் பெயர் தெரியாது. அங்கே கடை வாசல் பலகையில் அவர்களுடைய முப்பாட்டன் பெயர் எழுதியிருக்கிறது.

கூத்தும் போயிருக்கிறது. நாட்ரோன் என்று குவாதலூப்பில் ஒரு ஆட்டம் உண்டு; நாடகம் என்ற சொல்தான் அப்படித் தேய்ந்தது. வேஷம் கட்டி விடிய விடியப் பாடி ஆடுவது. பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த தர்மபுரிக்காரருக்கு அதன் படத்தைப் பார்த்தாலே போதும். பகலில் வந்து போகும் கப்பல்காரர்களுக்கு அது கிடைக்காது, அதுதான் குறை.

கிடைப்பது சந்தை. புவாந்த்-ஆ-பீத்ர் மசாலாச் சந்தை துறைமுகத்திலிருந்து நடக்கிற தூரம். கொலோம்போ என்று மஞ்சள் நிறத்தில் ஒரு பொடி விற்பார்கள். கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம். கொழும்பு நகரத்தின் பெயர் என்பார்கள் சிலர், நம் குழம்பு என்பார்கள் சிலர். நான் குழம்புக் கட்சி. என் வீட்டுக்காரி ஒரு சிட்டிகை மோந்து பார்த்துவிட்டு, "கடுகைக் குறைச்சிருக்கணும்" என்று தீர்ப்புச் சொன்னாள். ஆட்டுக்கறி கொலோம்போ அந்தத் தீவுகளின் பெருமைக்குரிய சமையல், ஆப்பிரிக்க வம்சத்தார், வெள்ளைக்காரர் எல்லோருமே சமைக்கிறார்கள். விற்கிற அம்மாள் தலையில் கட்டியிருக்கும் கட்டம் போட்ட துணிக்குப் பெயர் மெட்ராஸ். கூலிக்கப்பல்களுக்கு வெகு முன்பே, வியாபாரக் கப்பலில் போன துணி அது. நம் கைலிக் கட்டம்தான். செயின்ட் லூசியா, டொமினிக்காவில்கூட அதுதான் பெண்களின் பாரம்பரிய உடுப்பு.

மற்றத் தீவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயின்ட் வின்சென்ட்டின் கிங்ஸ்டவுனில் கப்பல் நின்றால், 1861 ஜூன் 1-ம் தேதி மதராஸிலிருந்து 'திருவிதாங்கூர்' என்ற கப்பல் அந்தத் தீவுக்கு வந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியை அவர்கள் இந்தியர் வந்த நாளாக வைத்திருக்கிறார்கள். கிரெனடாவுக்கு மே 1, 1857. ஜமைக்காவுக்கு மே 10, 1845. டிரினிடாடுக்கு மே 30, 1845. அங்கே அது அரசு விடுமுறை. டிரினிடாடில் பெரும்பாலோர் வடநாட்டார், ஆனாலும் ஒரு இடம் அவசியம் பார்க்க வேண்டும். சிவதாஸ் சாது என்ற கரும்புத் தொழிலாளி ஆலைக்காரன் நிலத்தில் ஒரு சின்னக் கோவில் கட்டினார். இடித்துவிட்டு அவரைச் சிறைக்கும் அனுப்பினார்கள். நிலம்தானே உன்னுடையது, கடல் யாருடையது என்று, சைக்கிளில் கல்லும் மண்ணும் கொண்டுபோய்க் கடலுக்குள் வருடக்கணக்கில் கொட்டி, தண்ணீருக்கு நடுவில் கோவில் கட்டினார். வாட்டர்லூ என்ற ஊரில் இருக்கிறது. போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து டாக்சியில் போய்வரலாம்.

இனி சில்லறை விஷயங்கள். அமெரிக்க விசா பலமுறை நுழைவதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பி இறங்க முடியாது. மார்த்தினிக்கும் குவாதலூப்பும் 1946 முதல் பிரான்சின் மாவட்டங்கள். விசா விதி தனி, டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே செலவுக்கு யூரோ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். யாரிடம் பேசினாலும் முதலில் "போன்ஷூர்" சொல்லுங்கள், சொல்லாமல் கேள்வி கேட்டால் மரியாதைக்குறைவு. பேரனுக்குப் பட்டாளத்துப் பச்சைக் கட்டத் துணி மாட்டி அழைத்துப் போகாதீர்கள், பார்படோஸ், செயின்ட் லூசியா, ஜமைக்கா போன்ற இடங்களில் அது சட்டப்படி குற்றம். கடற்கரையில் சிவப்புப் பட்டை அடித்த மரம் இருந்தால் மழைக்குக்கூட ஒதுங்காதீர்கள், குட்டி ஆப்பிள் மாதிரி அதன் பழம் கடும் விஷம், அதன் பால் பட்டால் தோல் வெந்துவிடும். கப்பல் கடிகாரமும் தீவுக் கடிகாரமும் ஒரு மணி நேரம் வித்தியாசப்படலாம், கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வையுங்கள். கப்பல்காரனே ஏற்பாடு செய்த வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நீங்களாகப் பிடித்த டாக்சி தாமதமானால் காத்திருக்காது. மொரப்பூரில் ஒரு வண்டியை விட்டால் அடுத்ததைப் பிடிக்கலாம், இது அப்படியில்லை.

நடக்கவே முடியாதவர்களுக்கும் குவாதலூப்பில் வழி இருக்கிறது. புவாந்த்-ஆ-பீத்ர் பழைய துறையில், தண்ணீரை ஒட்டியே, இந்தியர் வந்து இறங்கியதற்கு ஒரு நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். 'முதல் நாள்' என்று அதற்குப் பெயர். கப்பலிலிருந்து டாக்சிக்கு ஐந்து நிமிடம்.